எபினேசருக்கு ஆறு கிலோ வேண்டும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு விண்ணப்பக் கடிதத்திலிருந்து வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலை. அதன் பர்சனல் டிபார்ட்மெண்டில் நான் கிளார்க். பகலெல்லாம் லீவு லெட்டர், பி.எஃப். லெட்டர், 'இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்' லெட்டர். மற்ற நேரத்தில் கதை எழுதுவேன். அதனால் ஆலையில் எல்லோரும் என்னை 'ரைட்டர் சார்' என்பார்கள். (போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு ரைட்டர் இருக்கிறார். அவர் எழுதுவதை நிறையப் பேர் கவலையோடு படிக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய கதைகள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். இரண்டாயிரத்து ஏழு. அப்போதுதான் கிரேன் ஆபரேட்டர் எபினேசருக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். அவருக்கு ஏன் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை வேண்டும் என்று. ஒரு வாரத்தில் பதில் வந்தது: 'நீங்கள் எழுதியது போதவில்லை. இன்னும் விரிவாக எழுதி அனுப்பவும்.'

என் வாழ்க்கையில் இன்னும் எழுதச் சொல்லி என்னைக் கேட்ட ஒரே நிறுவனம் அதுதான். இதோ, விரிவாக எழுதுகிறேன்.

2

முதல் வரி:

எபினேசர் குண்டானவர்.

அடித்துவிட்டேன். உண்மைதான். ஆனால் உண்மையை இப்படித் தொப்பென்று போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

எபினேசர் ஒரு யானையைப் போல

இதையும் அடித்துவிட்டேன். எந்த யானையையும் யாரும் நாற்பதடி இரும்பு ஏணியில் ஏறச் சொல்வதில்லை.

அன்று காலை ரோலிங் மில்லின் மேலே கிரேன் கேபினில் அமர்ந்திருந்த எபினேசர், தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்

திரும்பிப் பார்க்க முடியாது. கேபின் சின்னது. மனிதர் உள்ளே உட்கார்ந்தால் திரும்ப இடமில்லை. பிரச்சினையே அங்கிருந்துதான் தொடங்கியது.

[எபினேசரின் மனைவி சுகிர்தாவுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டிக்கொண்டே எழுதுகிறேன். அவர் பிளவுஸ் தைப்பவர், தைத்துக்கொண்டே கேட்பார். இந்த இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அண்ணே, குண்டுன்னே போடுங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்த நீங்க இன்னாத்துக்கு ஒளிச்சு வெச்சுக்கினு கீறீங்க?"]

சரி. எபினேசர் குண்டானவர். நல்ல உயரம், நல்ல குரல். சர்ச்சில் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியம் வாசிப்பவர் கையை எடுத்துவிடுவார். மேலே கேபினில் உட்கார்ந்து, சிவக்கச் சிவக்கக் காய்ந்த இரும்புப் பாளங்களைப் பூனை குட்டியைக் கவ்வுவதுபோலத் தூக்கி வைப்பார். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஏணி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். போர்மேன் பயந்துபோய் அவரைக் கீழே இறக்கி, லாரிக்கு லோடு எண்ணும் வேலையில் போட்டார். அடுத்த மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் அதுவும் இல்லை, வீட்டுக்குத்தான்.

"சார், மேல இருந்து பாத்தா எல்லாம் ஒயுங்கா தெரியும்," என்று என் மேஜை முன்னால் வந்து நின்று சொன்னார். "கீழ நின்னு பாத்தா இன்னா தெரியுது? லாரி பின்னாடி 'ஹாரன் அடி'ன்னு எழுதிகீறது தெரியுது."

3

எடை குறைய அவர் முன்பே இரண்டு முறை பட்டினி கிடந்திருக்கிறார். குறைந்த எடை இரண்டு முறையும் துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ஆலை டாக்டர் அவரைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே பெரிய டாக்டர், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்றார். செலவைக் கேட்டுவிட்டு எபினேசரும் சுகிர்தாவும் திரும்பி வரும் ரயிலில் கும்மிடிப்பூண்டி வரை விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்களாம்.

அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் எனக்குத் தெரிந்த எந்தப் பாலிசியிலும் குண்டுக்கு இடமில்லை. ஆனால் எங்கள் ஆலையில் ஒரு வெளிநாட்டுக்காரர் பங்காளி. அவர்கள் ஊர்ப் பாலிசியை அப்படியே காப்பி எடுத்து எங்களுக்கும் போட்டிருந்தார்கள். பனியில் வழுக்கி விழுந்தால்கூட அதில் பணம் உண்டு. கும்மிடிப்பூண்டியில்! அந்தப் பனிக்குப் பக்கத்திலேயே எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையும் இருந்தது.

நிபந்தனைகள் இரண்டு. உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்குப் போடுவார்கள்; அதில் நாற்பது வர வேண்டும். எபினேசரின் உயரத்துக்கு அது நூற்றிருபத்தைந்து கிலோ. அவர் அதற்கு மேலேயே இருந்தார், கவலையில்லை. இரண்டாவது, டாக்டர் மேற்பார்வையில் ஆறு மாதம் உண்மையாக உணவுக் கட்டுப்பாடு இருந்து, அது பலிக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

உண்மையாக முயல வேண்டும். ஆனால் தோற்க வேண்டும். இதைப் படித்ததும் இலக்கியவாதிகளுக்கான பாலிசி என்றே நினைத்தேன்.

விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வி: 'தூக்கத்தில் மூச்சுத் தொந்தரவு உண்டா?' நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எபினேசரைப் பார்த்தேன்.

"இல்லன்னு போடுங்க சார். நான் குறட்டை உடறதே இல்ல."

"கம்பெனி பஸ்ஸில்..."

"அது வேற யாரோ சார். என்னாண்ட உக்காந்துகினு உடறான். பேரு எனுக்கு வருது."

அவர் விண்ணப்பம், அவர் பதில். 'இல்லை' என்று எழுதினேன்.

[சுகிர்தா: "இத எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ஊட்டு விஷயத்த ஆபீஸ்ல சொல்லக்கூடாதுன்னு எனுக்கு வாய்ப்பூட்டு போட்டு வெச்சிருந்தாரு."]

4

இங்கே கதாசிரியனாக எனக்கு ஒரு சந்தேகம். குண்டான மனிதர் ரகசியமாகப் பரோட்டா தின்பார் என்றுதானே வாசகர் எதிர்பார்ப்பார்? நானும் எதிர்பார்த்தேன். நல்ல காட்சி ஒன்றைக்கூட எழுதி வைத்தேன். ஸ்டேஷன் பக்கம் பரோட்டாக் கடை, தூணுக்குப் பின்னால் எபினேசர், அந்த வழியாக சர்ச் பாஸ்டர் தானியேல்...

அப்படி எதுவும் நடக்கவில்லை. மனிதர் நேர்மையாகப் பட்டினி கிடந்தார். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் சுரைக்காய், மாலையில் வெள்ளரிக்காய். பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு நடந்தே வந்தார். கேன்டீன் மாஸ்டர் கலியன் மட்டும் மனம் உடைந்துபோனார். "முப்பது இட்லி கொறஞ்சு போச்சு சார். இட்லிக் குண்டானே என்னப் பாத்து இன்னாடா ஆச்சுன்னு கேக்குது."

நான்காம் மாத முடிவில் எபினேசர் என் மேஜைக்கு வந்து ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பேன்ட் நிக்க மாட்டேங்குது! நூத்திப் பத்தொம்போது!"

இருவரும் கை குலுக்கினோம். நான் மகிழ்ச்சியாக எடையை இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் அங்கிருந்து பர்ஹானா என்ற பெண் போன் செய்தார். எப்போதும் பொறுமையாகப் பேசுவார்.

"சார், உங்க எபினேசருக்கு வாழ்த்து சொல்லிடுங்க. அவருக்கு ஆபரேஷன் தேவையில்ல."

"ஏன் மேடம்?"

"நூத்தி இருபத்தஞ்சுக்குக் கீழ வந்துட்டாரே. டயட் பலிச்சிடுச்சு. சந்தோஷமான விஷயம்தானே சார்?"

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் நூற்றுப்பத்தொன்பது கிலோவிலும் எபினேசரால் ஏணியில் பாதிகூட ஏற முடியவில்லை. பெரிய டாக்டரும் இந்த எடை நிற்காது, திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார். அது திரும்பி வரும்போது பாலிசி இருக்குமா, வேலை இருக்குமா? நான் எபினேசரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேன்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்புறம் ஞாபகம் வந்து பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் ஜெயிச்சதால தோத்துட்டனா சார்?"

[இந்த வரியை நான் எழுதியதாக நினைத்துப் பாராட்டிவிடாதீர்கள். அவர் சொன்னதுதான்.]

பர்ஹானாவிடம் மன்றாடினேன். அவர் யாரிடமோ பேசிவிட்டு, மாதக் கடைசியில் அவர்களுடைய டாக்டர் ஆதிகேசவன் ஆலைக்கே வந்து ஒருமுறை நேரில் எடை பார்ப்பார், அதுவே இறுதி என்றார்.

எபினேசருக்கு ஆறு கிலோ வேண்டும். மூன்றே வாரம்.

5

அவருக்கு முதலில் மனசாட்சிச் சிக்கல். இது ஏமாற்று இல்லையா? பாஸ்டர் தானியேலிடம் போனார். பாஸ்டர், "பெருந்தீனி பாவம்தான் பிரதர். ஆனா இழந்ததத் திரும்ப வாங்கறது பாவத்துல வராது," என்றாராம். அந்த ஞாயிறு சர்ச்சில் விசேஷ ஜெபம். எபினேசருக்கு ஆறு கிலோ அருள வேண்டும் என்று பாஸ்டர் கையை உயர்த்தியபோது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா சத்தமாக, "எங்கிட்டருந்து எடுத்துக் குடும் ஆண்டவரே!" என்றார். சர்ச்சே ஆமென் சொன்னது.

ஆலையில் கலியன் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். ஆட்டுக்கால் பாயா, பரோட்டா, நெய் ஊற்றிய பொங்கல். மற்றவர்களும் டிபன் பாக்ஸைத் திறந்து ஆளுக்கொரு கை போட்டார்கள். ஆனால் பாருங்கள், நான்கு மாதம் கூழைக் கண்ட வயிறு சோற்றை மறந்துவிட்டது. எபினேசர் இரண்டு பரோட்டாவிலேயே ஏப்பம் விட்டார். முன்னால் பிரியாணி ஆவி பறக்கிறது, மனிதர் அதைப் பார்த்து அழுகிறார்.

"எறங்க மாட்டேங்குது கலியா."

"பேஜாரு பண்ணாத எபி. ஒரே ஒரு பீஸு. கண்ண மூடிக்கினு முழுங்கு. மருந்துன்னு நென."

[சுகிர்தா: "இத்த படிச்சிட்டு ஜனங்க சிரிப்பாங்களாண்ணே?" சிரிப்பார்கள் என்றேன். வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். "சிரிக்கட்டும். நாங்களே சிரிச்சோம். சாப்புட்டுக்கினே அழுதாரு, அழுதுக்கினே சிரிச்சாரு. நான் ஒருத்திதான் பாத்திரம் கழுவினேன்."]

6

ஆதிகேசவன் வந்தார். ஒல்லியான டாக்டர். சட்டைக்குள் ஆள் இருப்பதை உற்றுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். சுகிர்தாவும் டிபன் கேரியரோடு வந்திருந்தார், கடைசி நிமிடத்தில் ஏதாவது ஊட்ட வேண்டியிருந்தால் என்று.

ஆலை மருந்தகத்தில் எடை மிஷின் ஒன்றுதான். அன்று காலை, ஒத்திகை பார்க்கிறோம் பேர்வழி என்று ஷிப்ட் மொத்தமும் அதில் ஏறி இறங்கியிருக்கிறது. எபினேசர் ஏறினார். எழுபது காட்டியது. டாக்டர் ஏறினார். எழுபது. மருந்தகப் பூனையைத் தூக்கி வைத்தார்கள். அதற்கும் எழுபது.

"வேற மிஷின் இல்லையா?" என்றார் டாக்டர்.

எல்லோரும் ஜன்னல் வழியே ஒரே திசையில் பார்த்தார்கள். கேட் பக்கத்தில், பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகளை எடைபோடும் மேடை.

எபினேசர் அந்தப் பெரிய இரும்பு மேடையின் நட்டநடுவில் தனியாகப் போய் நின்றார். பின்னால் லாரிகள் வரிசையில் ஹாரன் அடித்தன. எடை அறையில் சிவப்பு எண் எரிந்தது: 120. நாங்கள் தலையில் கை வைத்தோம். எண் துடித்தது: 130. கைதட்டினோம். மறுபடி 120.

லாரி மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். எபினேசர் சரியாக நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்தால் 130 காட்டுகிறது என்று கலியன் சத்தியம் செய்தார். உடனே ஆலையே கத்தியது: "எபி, மூச்ச இழு!"

"பத்துக் கிலோ ஆட்டத்துல நான் எதைன்னு எழுதறது?" என்றார் ஆதிகேசவன். கோபமில்லை, களைப்பு. டவுனிலிருந்து நல்ல மிஷின் கொண்டுவர ஆள் அனுப்பினோம். அதுவரை எல்லோரும் எடை அறையில் உட்கார்ந்தோம். கலியன் அதற்குள் எபினேசருக்கு ஒரு தட்டு பொங்கலை உள்ளே தள்ளியிருந்தார். வெயில், பொங்கல், மின்விசிறி. எபினேசர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

பிறகு குறட்டை வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

குறட்டை நின்றது.

முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். எபினேசரின் நெஞ்சு அசையவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தேன்.

சுகிர்தா அப்போது கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே இரண்டடி நடந்து வந்து, கணவரின் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தார். எபினேசர் பெரிதாக இழுத்து மூச்சு விட்டார். சுகிர்தா மறுபடி கேரியரிடம் போனார்.

டாக்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டார்:

"இது எத்தனை நாளா நடக்குதும்மா?"

"கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லருந்தே சார். இப்போதான் ரொம்ப."

"ராத்திரில எத்தனை தடவை?"

"யாரு சார் எண்ணிக்கினு இருப்பாங்க? குத்தறதுக்கே நேரம் சரியா கீது."

"அப்ப நீங்க எப்பம்மா தூங்குவீங்க?"

சுகிர்தா அதை யாரும் கேட்டதில்லை என்பதுபோல அவரைப் பார்த்தார். "இவரு ஷிப்ட்டுக்குப் போனப்புறம் மிஷின்ல உக்காந்தபடியே கண்ண அசத்தும் சார். ஒரு தபா ஒரு ஜாக்கெட்டுக்கு மூணு கை வெச்சு தெச்சுட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. பைலைப் புரட்டினார். "மூச்சுத் தொந்தரவு இல்லைன்னுல்ல எழுதியிருக்கு?"

நான் எபினேசரைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் கண் விழித்து, "யாரு குறட்டை உட்டது?" என்று டிரைவர்களை முறைத்தார்.

"மிஸ்டர் எபினேசர்," என்றார் ஆதிகேசவன், "தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு அந்தக் கணக்குல நாற்பது தேவையில்ல. முப்பத்தஞ்சே போதும். நீங்க இளைச்சப்பவும் அதுக்கு மேலதான் இருந்தீங்க. உங்களுக்கு இந்த ஆறு கிலோ வேண்டியதே இல்ல."

கலியன் சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார். "அப்போ அந்தப் பாயா?" என்றார்.

7

சென்னையில் ஒரு நாள் எபினேசரின் தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துச் சோதித்தார்கள். டாக்டர் சொன்னது சரிதான். மீதி இரண்டு மாதக் கூழையும் குடித்து முடித்ததும் அனுமதி வந்தது. பர்ஹானா போனில், "இந்தத் தடவ நிஜமாவே வாழ்த்து சார்," என்றார்.

இனி முடிவு. நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது சோக முடிவு. விமர்சகர்களுக்குப் பிடிக்கும். அதைச் சுகிர்தாவிடம் படித்தேன். கேட்டுவிட்டு, அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, கழுத்து அளவு வரைந்து, ஒரு பிளவுஸுக்குக் கட்டிங் பேப்பராக வெட்டிவிட்டார். பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்து கால் தட்டு சோற்றை மென்றுகொண்டிருந்த எபினேசர், "இன்னா சார், என்னப் போட்டுத் தள்ளிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது, மெலிந்த எபினேசர் மறுபடி கிரேன் ஏணியில் ஏற, ஆலையே திரண்டு கைதட்டுவது. ஏறியது உண்மை. ஓரிடத்தில்கூட நிற்காமல் ஏறினார். ஆனால் கைதட்ட யாருமில்லை. எல்லோரும் காலை நாஷ்டாவுக்குப் போயிருந்தார்கள். மேலே போனவர் சும்மா ஒருமுறை ஹாரனை அடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

மூன்றாவதுதான் சிக்கல். அறுவை சிகிச்சை நாள். ஆபீஸ் சார்பில் நானும் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எபினேசரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. சுகிர்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் பை, பைமேல் கை. நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சுகிர்தா அசையாமல் இருந்தார். டீ ஆறியது. பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு டிராலி தடதடவென்று போனது. அவர் அசையவில்லை.

[சுகிர்தா: "அத எடுத்துடுங்கண்ணே. நான் தூங்கல. ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். புருஷன உள்ள வெச்சு அறுத்துக்கினு கீறாங்க, பொண்டாட்டி தூங்கினான்னு எழுதினா சர்ச்ல இன்னா நெனப்பாங்க?"]

[எபினேசர்: "தூங்கினான்னே எழுதுங்க சார். அதான் நல்லா கீது."]

இருவரும் இதற்காக என் எதிரில் சண்டை போட்டார்கள். இன்னும் முடியவில்லை. எனவே அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். கதவு திறந்தது. நர்ஸ் வந்தார். முகத்தைப் பார்த்தவுடனே நல்ல செய்தி என்று தெரிந்தது. "எபினேசர் சம்சாரம் யாரு?" என்றார். நான் பெஞ்சைக் காட்டினேன். நர்ஸ் குனிந்து, சுகிர்தாவின் தோளைத் தொடக் கையை நீட்டினார். பிறகு, அந்த முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, கையை அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நானும் உங்களைத்தான் பார்க்கிறேன். எழுப்பலாமா? இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டுமா?